பெயர் இழந்த முகங்கள்

ஒரு படத்தில் ஒருவருடைய உருவம் பதிந்திருப்பதனால் மட்டும் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கின்றது என்று கொள்ளுதல் பொருந்தாது. உருவத்தோடு பெயரும் சேர்ந்திருத்தல் வேண்டும். பெயர் நீங்கிய படத்தில் எஞ்சுவன ஒரு முகமும் ஓர் உடையும் மட்டுமே. அம்முகத்துக்கு உரியவர் யாவர், எந்த ஊரிற் பிறந்தார், எதனைச் சாதித்தார் என்பன எல்லாம் படத்துக்கு வெளியே போய்விடுகின்றன. இவ்வாறு பெயர் இழந்த முகங்களைத் தேடிச் சேர்த்து, அவற்றுக்கு உரிய பெயரை மீட்டுக் கொடுப்பதனைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டோர் பலர் ஐக்கிய அமெரிக்காவில் உளர். அவர்கள் தேடுவன அந்நாட்டின் தேசிய விளையாட்டாகிய பேஸ்போல் ஆட்டத்தில் முன்னாளில் ஈடுபட்டோரின் பழம் படங்களாம்.

பேஸ்போல் என்பது மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவது. பந்தை அடித்தவர் நான்கு தளங்களைச் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம் பெறுவார். இலங்கையின் எல்லே விளையாட்டைக் கண்டோருக்கு இதன் போக்கு எளிதில் விளங்கும். 1871 ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை அந்நாட்டின் முதற்றரச் சங்கங்களில் ஆடியோரின் தொகை இருபதினாயிரத்துக்கு மேற்பட்டதாகும். அவர்களுள் உலகறிந்த பெயர் பெற்றோர் சில நூற்றுவரே. ஏனையோரிற் பலர் ஒரு பருவம் ஆடினர்; சிலர் ஒரே ஒரு நாள் ஆடினர். 1905 ஆம் ஆண்டு யூன் மாதம் 29 ஆந் திகதி ஆர்ச்சிபோல்ட் கிரேயம் என்பார் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணிக்காக ஒரேயொரு போட்டியிற் களமிறங்கினார். மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பின்னர் மினசோட்டா மாநிலத்துச் சிறு நகர் ஒன்றில் மருத்துவராகப் பல்லாண்டு பணி புரிந்து 1965 இல் மறைந்தார். ஒரு நாவலும் ஒரு திரைப்படமும் அவரைப் பாத்திரமாக்கியதனாற் பிற்காலத்தில் அவர் பெயர் பரவிற்று. அத்தகைய வாய்ப்புப் பெறாத எத்தனையோ பேர் பட்டியல்களில் வெறும் எழுத்துக்களாகவே நிற்கின்றனர். அவர்களுக்கு ஒரு முகத்தைத் தேடிக் கொடுப்பதே இச்சேகரிப்பாளருள் மேலோரின் நோக்கமாகும்.

இப்படங்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்டக்காரர்கள் படப்பிடிப்புக் கூடங்களுக்குச் சென்று, தடித்த அட்டையில் ஒட்டிய படங்களை எடுத்துக்கொண்டனர். அதன்பின் சிகரெட் வணிகர்கள் இத்துறையிற் புகுந்தனர். நியூயோர்க்கிலிருந்த குட்வின் கம்பனி 1887 தொடக்கம் 1890 வரை தன் சிகரெட்டுப் பெட்டிகளுக்குள் ஆட்டக்காரரின் சிறு படங்களை வைத்து விற்றது. அன்றைய படக்கருவி ஓடும் உருவத்தைத் தெளிவாகப் பற்றும் ஆற்றல் உடையதன்று. ஆகையால் ஆட்டக்காரர் கூடத்தினுள்ளே அசையாது நிற்க, பந்தை ஒரு நூலிற் கட்டித் தொங்கவிட்டு, அதனை அவர் பிடிப்பது போலவும் அடிப்பது போலவும் படம் எடுத்தனர். உற்று நோக்கினால் அந்நூல் இன்றும் சில படங்களிற் புலப்படும்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் மைதானத்துக்குள் வந்தனர். அவர்களுள் தலையாயவர் சாள்ஸ் கொன்லன். இவர் நியூயோர்க்கின் ஈவினிங் ரெலிகிராம் பத்திரிகையில் அச்சுப்பிழை திருத்தும் தொழில் பார்த்தவர். படம் எடுத்தல் அவருக்கு ஓய்வுநேர முயற்சியாகவே தொடங்கிற்று. 1904 ஆம் ஆண்டு தொடக்கம் 1942 வரை, பாரமான கருவியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு மைதானங்களுக்குச் சென்று, புகழ்பெற்றோரையும் புகழ் பெறாதோரையும் ஒரே கவனத்தோடு அவர் படம் பிடித்தார். பந்து எறிபவர் பந்தைப் பற்றும் விரல்களைக்கூட அவர் தனியே படமாக்கினார்.

அவருடைய படங்களுள் மிகவும் பேர்போனது ரை கொப் என்னும் ஆட்டக்காரர் மூன்றாந் தளத்தை நோக்கிச் சறுக்கி வரும் காட்சியாகும். புழுதி பறக்கின்றது, கொப் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்கின்றார், தளத்தைக் காத்து நின்ற ஜிம்மி ஒஸ்ரின் நிலை குலைகின்றார். ஒஸ்ரின் கொன்லனுடைய நண்பர். நண்பருக்கு என்ன நேர்ந்ததோ என்ற அச்சத்தில், தாம் படம் எடுத்ததையே கொன்லன் உணரவில்லையாம். எதற்கும் இருக்கட்டும் என்று தகட்டை மாற்றி வைத்தார். பின்னர் அதனைக் கழுவிப் பார்த்தபோதே அக்காட்சி அதிற் பதிந்திருக்கக் கண்டார் என்று அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். இத்துணைப் பேர்பெற்ற படத்துக்குக்கூட 1909 என்ற ஆண்டே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. ஆய்வாளர் அன்றைய போட்டிப் பதிவுகளோடு ஒப்புநோக்கி, 1910 யூலை 23 என்ற திகதியை அதற்கு உரியதாகக் கொண்டனர். எல்லோரும் அறிந்த படத்தின் நிலையே இதுவெனின், எவரும் அறியாத படங்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

கொன்லன் 1945 இற் காலமானார். வைக்க இடமின்றித் தம் தகடுகள் பலவற்றை அவரே அழித்துவிட்டார். எஞ்சியவை ஏறத்தாழ எண்ணாயிரம். அவற்றுட் சிறந்தன 1993 இல் நூலுருப் பெற்றபோதே அவர் ஒரு பெருங் கலைஞர் என்பதை உலகம் அறிந்தது.

அவர் காலத்தவரான ஜோர்ஜ் கிராந்தம் பெயின் என்பார் 1898 இற் படச் செய்தி நிறுவனம் ஒன்றை நியூயோர்க்கில் நிறுவினார். அந்நிறுவனத்தின் ஏறத்தாழ நாற்பதினாயிரம் கண்ணாடித் தகடுகளை வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகம் 1948 இல் வாங்கிற்று. அவற்றுட் பேஸ்போல் ஆட்டக்காரரின் படங்கள் மிகப் பல. ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் எவரோ ஓர் ஊழியர் அவசரமாகக் கீறிய எழுத்துக்கள் உள்ளன. ஆட்டக்காரரின் குடும்பப் பெயர், அணி அமைந்த நகரத்தின் பெயர், அவ்வளவே. சிலவற்றில் எழுத்துப் பிழை உண்டு. சிலவற்றிலோ ஆளே மாறியிருப்பார். 2008 ஆம் ஆண்டு சனவரியில் இந்நூலகம் பெயினின் படங்களில் ஏறத்தாழ 1,500 ஐ இணையத்திற் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, அறிந்தோர் விபரம் கூறுக என வேண்டிற்று. 1971 இல் நிறுவப்பட்ட அமெரிக்க பேஸ்போல் ஆய்வுச் சங்கத்தின் பழம்பட ஆய்வுக் குழுவினர் முன்வந்து, முழுப் பெயரையும், சில இடங்களிற் போட்டி நடந்த நாளையுங்கூடக் கண்டறிந்து கூறினர். நூலகம் அவற்றைச் சரிபார்த்துத் தன் பதிவேடுகளைத் திருத்திக்கொண்டது. ஊதியம் எதிர்பாராத உழைப்பு அது.

இவ்வாறு கண்டறிதல் எங்ஙனம் இயலும் என்று நேயர்கள் வினவக்கூடும். இன்றைய ஆட்டக்காரரின் முதுகில் இலக்கம் உண்டு. பெரும்பாலும் பெயரும் உண்டு. ஆனால் 1916 இல் கிளீவ்லண்ட் அணி சட்டைக் கையில் இலக்கம் பொறித்துப் பார்த்தது ஒரு சோதனையாகவே முடிந்தது. 1929 இல் நியூயோர்க் யாங்கீஸ் அணியும் கிளீவ்லண்ட் அணியும் முதுகில் இலக்கம் அணிந்த பின்னரே அவ்வழக்கம் நிலைத்தது. யாங்கீஸ் அணியில் மட்டை பிடிக்கும் வரிசைப்படி இலக்கம் அளித்தமையால் பேப் றூத் மூன்றாம் இலக்கத்தையும் லூ கெரிக் நான்காம் இலக்கத்தையும் பெற்றனர். பெயரை முதுகிற் பொறிக்கும் வழக்கத்தை 1960 இற் சிக்காகோ வைட் சொக்ஸ் அணி தொடங்கிற்று. ஆகவே 1929 க்கு முற்பட்ட படத்தில் இலக்கமும் இல்லை, பெயரும் இல்லை. ஆராய்வோருக்கு வேறு சான்றுகளே துணை.

அவற்றுள் முதலாவது சீருடை. அணிகள் தம் உடையின் எழுத்தையும், கழுத்துப் பட்டியையும், தொப்பியின் கோடுகளையும் அடிக்கடி மாற்றி வந்தன. மார்க் ஒக்கோனன் என்பார் இருபதாம் நூற்றாண்டின் முதற்றர அணிகள் ஆண்டுதோறும் அணிந்த சீருடைகளைப் பழம் படங்களிலிருந்து ஆராய்ந்து வரைந்து, 1991 இல் நூலாக வெளியிட்டார். படத்திலுள்ள உடையை அந்நூலோடு ஒப்பிட்டால் அணியும் ஆண்டும் பெரும்பாலும் புலனாகிவிடும். அணியும் ஆண்டும் தெரிந்தால், தேடவேண்டியவர் தொகை பல்லாயிரத்திலிருந்து முப்பது நாற்பது பேராகக் குறைந்துவிடும். சிறு அடையாளங்களும் பெரிதும் உதவும். சட்டைக் கையில் பேஸ்போல் நூற்றாண்டு விழாச் சின்னம் காணப்படின் அது 1939 ஆம் ஆண்டுப் படம். கிளீவ்லண்ட் ஆட்டக்காரர் கையிற் கறுப்புப் பட்டி அணிந்திருப்பின் 1920 ஐ நினைத்தல் வேண்டும். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், எறிந்த பந்து தலையிற் பட்டு ரே சப்மன் உயிர் நீத்தார். அவர் தோழர்கள் துக்கக் குறி அணிந்தே எஞ்சிய போட்டிகளை ஆடினர்.

இரண்டாவது சான்று பின்னணி. ஆட்டக்காரருக்குப் பின்னே தெரியும் மதிலும் கூரையும் மைதானத்தைக் காட்டிக்கொடுக்கும். பொஸ்டன் நகரின் பென்வே மைதானத்து இடப்பக்க உயர் மதிலில் விளம்பரங்கள் காணப்படின் அப்படம் 1947 க்கு முற்பட்டது. அவ்வாண்டிலேதான் விளம்பரங்களை மறைத்து மதில் முழுவதற்கும் பச்சை வண்ணம் பூசினர். சிக்காகோவின் றிக்லி மைதானத்து மதிலிற் படர்கொடி காணப்படின் அது 1937 இலோ அதன் பின்னரோ எடுத்ததாகும்.

மூன்றாவது சான்று முகம். இங்கேதான் பலர் இடறி விழுகின்றனர். தலைமயிர் மாறும், உடல் பருக்கும், மீசை வரும், போகும். ஆனால் காதின் மடலும் அதன் மடிப்புக்களும் வளர்ந்த மனிதனில் எளிதில் உருமாறுவதில்லை. ஆகவே தேர்ந்தோர் கண்ணையும் சிரிப்பையும் நம்பாது காதை நோக்குவர். பின்னர் நாடியையும் மூக்கையும் நோக்குவர். ஒற்றுமைகள் பத்து இருப்பினும், விளக்கவியலாத வேற்றுமை ஒன்று இருப்பின் அவர் வேறு ஆளே என்பது அவர்கள் கைக்கொள்ளும் விதி.

நான்காவது சான்று படத்தின் பின்புறம். பத்திரிகை அலுவலகங்கள் அங்கே இறப்பர் முத்திரை குத்தின. படவிளக்கத் துண்டை ஒட்டின. வெளியிட்ட நாளைக் குறித்தன. நிறுவனங்களின் பெயரும் முகவரியும் காலத்துக்குக் காலம் மாறியமையால் முத்திரையே கால அளவுகோல் ஆகின்றது. அசோசியேற்றட் பிறெஸ் நிறுவனம் கம்பி வழியாகப் படம் அனுப்பும் முறையை 1935 சனவரி முதலாந் திகதி தொடங்கியது. அவ்வழியே வந்த படத்தில் நுண்ணிய கோடுகள் தெரியும். விளக்க வாசகமும் படத்தோடு ஒன்றாய்ப் பதிந்திருக்கும். கடதாசியும் சான்று கூறும். 1950 களிலிருந்து படக் கடதாசிகளில் வெண்மை கூட்டும் இரசாயனப் பொருள்களைச் சேர்த்து வந்தனர். கழியூதா ஒளியில் அத்தகைய கடதாசி நீலமாய் ஒளிரும். 1910 ஆம் ஆண்டுப் படம் என்று சொல்லப்படுவது அவ்வாறு ஒளிருமாயின், காட்சி பழையதாயினும் அந்தப் பிரதி புதிதென்பது துணிபு.

பிரதியின் வயது ஏன் முக்கியம்? சேகரிப்பாளர் சந்தையில், மூல நெகற்றிவிலிருந்து ஏறத்தாழ ஈராண்டுக்குள் அச்சிட்ட பிரதியையே முதல் வகையாகக் கொள்வர். அதே காட்சியின் பிற்காலப் பிரதி மிகக் குறைந்த விலைக்கே போகும். இங்கே பணம் புகுகின்றது. பணத்தோடு ஆசையும் புகுகின்றது. பெயர் தெரியாத ஓர் இளைஞனின் படம் சில டொலர்களுக்கே விலைபோகும். அவனையே புகழ்பெற்ற ஒருவரின் இளமைத் தோற்றம் என்று கூறினால் விலை ஆயிரக்கணக்காக உயரும். ஆகவே, காண விரும்பியதையே கண் காண்கின்றது. வேண்டுமென்றே பொய் கூறுவோர் ஒருபுறமிருக்க, தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வோர் அவரினும் பலர். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழி இத்துறைக்கென்றே பிறந்தது போலும்.

விற்பனைக்கென அச்சிடும் அட்டைகளும் இதற்கு விலக்கல்ல. ரொப்ஸ் கம்பனி 1957 இல் வெளியிட்ட ஹாங் ஆரன் அட்டையில் நெகற்றிவ் இடம் வலமாய்த் திரும்பிவிட்டது. வலக்கை ஆட்டக்காரரான அவர் இடக்கைக்காரராய்த் தோன்றினார். சட்டையின் இலக்கமும் தலைமாறி நின்றது. 1959 இல் லூ பேர்டெற் என்னும் வலக்கை எறிவாளர் குறும்பாக இடக்கையால் எறிவது போல் நிற்க, அட்டையும் அவ்வாறே வெளிவந்தது. 1969 இல் ஒறேலியோ றொட்றிகஸ் என்பவருடைய பெயரோடு வெளிவந்த அட்டையில் இருந்தது அவர் படமன்று. அணிக்கு மட்டை எடுத்துக் கொடுக்கும் பையனின் படம். ஆள் உயிரோடு இருந்து ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே இவ்வாறு நேர்ந்ததெனின், நூறாண்டு கழித்துப் பெயர் சூட்டுவோர் எத்துணை எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்!

தவறான பெயர் இருவருக்குத் தீங்கு செய்கின்றது. புகழ்பெற்றவருக்கு அவருடையதல்லாத முகம் ஒன்று வந்து சேர்கின்றது. அது சிறு தீங்கே. படத்திலுள்ள அந்த எளியவனோ தன் முகத்தையே இழந்துவிடுகின்றான். பெயர் எழுதப்படாத படத்தை நாளை ஒருவர் ஆராய்ந்து பெயர் காணலாம். பிழையான பெயர் எழுதிய படத்தை எவரும் மீண்டும் ஆராய்வதில்லை. ஆதலால் நேர்மையுள்ள சேகரிப்பாளர் தெரியாததைத் தெரியாது என்றே எழுதி வைப்பர். முதற்றர ஆட்டக்காரருள் இன்னும் படம் கிடைக்காதோரின் பட்டியலை மேற்கூறிய ஆய்வுக் குழு பேணி வந்துள்ளது. அப்பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்குவது அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி. ஆயின் அம்மகிழ்ச்சிக்காகச் சான்றில்லாத படத்தை ஏற்க அவர்கள் உடன்படுவதில்லை.

இம்முயற்சியின் பயன் மிகத் தெளிவாகப் புலப்படுவது கறுப்பின ஆட்டக்காரரின் வரலாற்றிலாகும். 1947 ஏப்பிரல் 15 இல் ஜக்கி றொபின்சன் களமிறங்கும்வரை அரைநூற்றாண்டுக்கு மேலாக முதற்றர அணிகள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கங்கள் அமைத்து ஆடினர். பெரும் பத்திரிகைகள் அவர்களைப் பெரிதும் புறக்கணித்தன; படங்களும் பதிவுகளும் அருகியே எஞ்சின. பிற்ஸ்பேர்க் நகரில் வெளிவந்த கூரியர் என்னும் கறுப்பினப் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் சாள்ஸ் ஹரிஸ் ஏறத்தாழ எண்பதினாயிரம் நெகற்றிவ்களை விட்டுச் சென்றார். அந்நகரின் புகழ்பெற்ற கறுப்பின அணிகளும் அவற்றில் இடம்பெற்றன. 2001 இற் கார்னகி கலைக்கூடம் அவற்றைப் பெற்றபோது, பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் எதுவும் இருக்கவில்லை. கலைக்கூடத்தினர் படங்களை ஊர் மக்கள் முன் வைத்தனர். முதியோர் வந்து பார்த்தனர். இவர் இன்னார், இவர் இன்ன தெருவில் வாழ்ந்தவர் என்று கூறினர். நூல்களில் இல்லாத சான்று அவர்கள் நினைவில் இருந்தது. ஆயின் அந்நினைவு அவர்களோடு மறையக்கூடியது. காலந் தாழ்த்தினால் கேட்பதற்கு ஆள் இராது.

1920 தொடக்கம் 1948 வரை இயங்கிய அச்சங்கங்கள் ஏழும் முதற்றரத்தனவே என்று 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2024 இல் அவற்றின் புள்ளிகள் தேசியப் பதிவோடு சேர்க்கப்பட்டன. வாழ்நாள் அடித்தற் சராசரியில் ரை கொப்பை முந்தி ஜொஷ் கிப்சன் முதலிடம் பெற்றார். கிப்சன் 1947 சனவரியிலேயே மறைந்துவிட்டார். றொபின்சன் களமிறங்கிய நாளைக்கூட அவர் காணவில்லை. பதிவேட்டில் நீதி பிந்தியேனும் வந்தது. அவரோடு ஆடிய நூற்றுக்கணக்கானோருக்கு முகமும் பெயரும் ஒன்றுசேரும் நீதி இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. அதனைச் செய்யக்கூடியவர்கள் படங்களைத் தேடுவோரே.

இத்துறையினர் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்க இருவர் சிக்காகோ நகரில் இருந்தனர். ஜோர்ஜ் பேர்க் என்பவரும் அவருடைய உதவியாளராய் இருந்த ஜோர்ஜ் பிறேஸ் என்பவரும் 1929 தொடக்கம் அந்நகருக்கு ஆடவந்த ஆட்டக்காரரை எல்லாம் படம் எடுத்தனர். பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடு பாராட்டவில்லை. பேர்க் 1951 இல் மறைந்த பின்னரும் பிறேஸ் 1990 கள் வரை அப்பணியைத் தொடர்ந்தார். அவர்கள் எடுத்த படங்களிற் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டக்காரர் உளர். எடுத்தபோதே இன்னார் என்பதனைக் குறித்து ஒழுங்குபடுத்தி வைத்தமையால், அப்படங்களைப் பார்ப்போர் இன்று காதையும் மதிலையும் முத்திரையையும் துருவி ஆராய வேண்டியதில்லை. படம் எடுத்த அன்றைக்கு ஒரு வரி எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு வரியை எழுதாது விட்டதனால் நேர்ந்த குறையை ஈடுசெய்ய, ஐம்பதாண்டு கழிந்தபின் ஒருவர் பல மாதம் உழைக்கின்றார். அப்பொழுதும் உறுதி கிட்டும் என்பதற்கில்லை.

பேஸ்போல் ஆட்டத்தை ஒருபோதும் கண்டிராதோருக்கும் இதிற் கொள்ளத்தக்கது உண்டு. பெட்டிக்குள்ளும் அலுமாரிக்குள்ளும் பழம் படங்களை வைத்திருப்போர், அவற்றில் இருப்பவரை அறிந்த முதியோர் அருகில் இருக்கும்போதே கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால், அழுத்தாது, பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைத்தல் வேண்டும். ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே குறித்தல் வேண்டும். பின்வரும் தலைமுறையினர் அப்படத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்போது, அங்கே அவர்களுக்கு ஒரு விடை காத்திருக்கும்.